ஒரு தபாலட்டைக்கு எத்தனை திகதிகள்? அரசியல் பேச்சுகளின் பழைய நிழற்பட அட்டைகளைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு

மலையகத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் குடியுரிமைக் கடதாசிகளுக்கும் இடையில் பழைய படம் ஒன்றாவது அகப்படும். முன்பக்கத்தில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டுடன் தாத்தா நாற்காலியில் விறைத்து அமர்ந்திருப்பார். பின்பக்கத்தைத் திருப்பினால் 'போஸ்ட் கார்ட்' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, வலது மேல்மூலையில் முத்திரை ஒட்டக் கட்டம் போட்டிருக்கும். "தாத்தா இதை ஊருக்குத் தபாலில் அனுப்பியிருப்பார்" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். முத்திரை இல்லை, முகவரி இல்லை, ஒரு வரி எழுத்துக்கூட இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் படம் எங்கும் போகவில்லை. ஸ்டூடியோக்காரர் கையிருப்பில் வைத்திருந்த தாளின் முதுகிலேயே அந்தச் சொற்கள் அச்சாகி வந்திருந்தன, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் குடும்பப் படத்தோடு நின்றால் பாதகமில்லை. அரசியல் தலைவர்களின் பேச்சுகளைக் காட்டுவதாகச் சொல்லப்படும் பழைய அட்டைகளைச் சேர்ப்போரிடம் இதே குழப்பம் பெருத்து, கைக்காசையும் வரலாற்றையும் சேர்த்தே கெடுக்கிறது. பழுப்பேறியிருந்தால் பழையது, கீழே எழுதியிருந்தால் உண்மை, தலைவர் கையை உயர்த்தியிருந்தால் அது பேச்சு என்று பலரும் துணிந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதைப் புதிதாகத் தொடங்குபவர் விளங்கிக்கொள்ளும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழுந்திலிருந்து கோப்பைவரை

தேயிலைப் பொதி ஒன்றைக் காட்டி "இது எந்த நாளைச் சேர்ந்தது?" என்று கேட்டால், தோட்டத்தில் வளர்ந்த எவரும் "எந்த நாளைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். மலையில் கொழுந்து எடுத்த நாள் ஒன்று. மடுவத்தில் நிறுத்து, ஆலைக்கு ஏற்றி, வாட்டி, அரைத்து, உலர்த்தி முடித்த நாள் இன்னொன்று. கொழும்பு ஏலத்தில் விலைபோன நாள் அதற்கும் பிந்தியது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்கிய நாள் கடைசி. கோப்பையில் இருப்பது ஒரே சாயம்தான் என்றாலும் அதற்குப் பின்னால் நான்கு திகதிகள் இருக்கின்றன.

பேச்சைக் காட்டும் தபாலட்டைக்கும் அப்படியே நான்கு திகதிகள் உண்டு. பேச்சு நடந்த நாள், படம் எடுத்த நாள், அந்தப் படத்தைத் தாளில் பதித்த நாள், அட்டை தபாலில் சென்ற நாள் என்பன அவை. முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பல அட்டைகளில் அப்படி இருப்பதில்லை. மூன்றாவது, இரண்டாவதுக்கு அடுத்த நாளாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டு கழித்தும் இருக்கலாம். நான்காவது பல அட்டைகளுக்கு இல்லவே இல்லை. ஆகவே ஒருவர் "இது 1927ஆம் ஆண்டு அட்டை" என்று நீட்டினால், இந்த நான்கில் எதை அவர் சொல்கிறார் என்று கேட்காமல் வாங்குவது, நிறுக்காமல் கொழுந்து கொடுப்பதைப் போன்றது.

வளையல் தடம்

படம் போட்ட அட்டைகள் எல்லாம் நிழற்பட அட்டைகள் ஆகிவிடா. வித்தியாசம், படம் தாளில் இறங்கிய முறையில் இருக்கிறது.

வெயிலில் நாள் முழுவதும் கொழுந்து எடுக்கும் பெண் தன் வளையலைக் கழற்றினால், அது கிடந்த இடம் மட்டும் வெளிறியும், வெயில் பட்ட மற்ற இடமெல்லாம் கறுத்தும் இருக்கும். வளையல் வெயிலை மறைத்தபடியால் அதன் உருவம் தோலில் பதிந்துவிட்டது. நிழற்படத் தாளிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். தாளின் மேல், ஜெலட்டின் என்ற பசையில் கலந்த வெள்ளி உப்பு மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்து உப்பு, மருந்துக் கரைசலில் அலசும்போது கருமையான வெள்ளித் துகளாக மாறும். ஒளி படாத இடம் வெள்ளையாகவே நிற்கும்.

கமராவுக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டிலோ ஃபிலிமிலோ முதலில் விழும் படத்தில் நிறங்கள் எதிர்மாறாக இருக்கும்: வெள்ளை வேட்டி கறுப்பாகவும் கறுத்த தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். இதற்கு நெகட்டிவ் என்று பெயர். நெகட்டிவ்வைப் புதிய தாளின் மேல் அழுத்திவைத்து ஒளி பாய்ச்சினால் கறுப்பும் வெள்ளையும் மீண்டும் இடம் மாறி, கண்ணால் கண்ட தோற்றம் திரும்பக் கிடைக்கும். இப்படி ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டவைத்து எடுப்பதை ஒட்டுப்பதிவு என்று சொல்லலாம். இதில் படத்தைப் பெரிதாக்கும் கருவி தேவையில்லை. நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு.

1903ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் '3ஏ' என்ற மடிப்புக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவ் மூன்றேகால் அங்குல அகலமும் ஐந்தரை அங்குல நீளமும் கொண்டது; அதாவது ஒரு தபாலட்டையின் அளவு. கூடவே, முதுகில் தபாலட்டைக்குரிய அச்சு ஏற்கெனவே போடப்பட்ட நிழற்படத் தாளும் கடைகளில் கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும், சிறு பட்டினத்தில் ஒற்றை அறையில் ஸ்டூடியோ நடத்தியவரும் அட்டை தயாரிப்பவர் ஆனார். நண்பகலில் நடந்த கூட்டத்தின் படத்தை அன்றிரவே கழுவி, மறுநாள் காலையில் விற்றுவிட முடிந்தது. அதே தாளில்தான் கல்யாணப் படமும், பாடசாலைக் குழுப் படமும், தாத்தாவின் கோட்டுப் படமும் பதிந்தன. வெள்ளி உப்பின் வழியாக, நெகட்டிவ்விலிருந்து நேரடியாகப் பதிந்த இவ்வகை அட்டையையே சேகரிப்பாளர்கள் உண்மை நிழற்பட அட்டை என்கிறார்கள்.

'உண்மை' என்ற சொல் இங்கே படத்தின் பொருளைப் பற்றி எந்த உறுதியும் தரவில்லை. தயாரித்த முறையைத்தான் அது குறிக்கிறது. அதுபோல, உண்மை நிழற்பட அட்டை என்றால் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்ற நினைப்பும் பிழை. லண்டனில் ரோட்டரி என்ற நிறுவனம், சுருள் சுருளாக வந்த நிழற்படத் தாளில் இயந்திரம் கொண்டு படங்களைப் பதித்து, நடிகைகளினதும் பிரமுகர்களினதும் அட்டைகளைப் பெருந்தொகையாக விற்றது. அவையும் உண்மை நிழற்பட அட்டைகளே. சிறு ஸ்டூடியோவில் பத்து பிரதி பதித்த அட்டை அரிதாக இருக்கலாம். இயந்திரத்தில் பதிந்தது அப்படி இராது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அட்டைக்கு நான்கு திகதிகள் உண்டு, 'போஸ்ட் கார்ட்' என்ற அச்சு தாளுக்கு உரியது, அது தபாலில் சென்றதற்குச் சாட்சி ஆகாது, 'உண்மை நிழற்படம்' என்பது தயாரிப்பு முறையின் பெயர்.

எதிர்மலையில் தெரியும் நிறம்

எதிர்மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இங்கிருந்து பார்க்கையில் பச்சைச் சரிவில் ஒரு வண்ணத் திட்டாகத் தெரிவார்கள். பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறினால்தான் அந்தத் திட்டு இருபது முப்பது தனித்தனி ஆட்களாகப் பிரியும். அச்சு இயந்திரத்தில் மையால் அடித்த படமும் அப்படித்தான். சாதாரணக் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவது, உண்மையில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். புள்ளி பெருத்த இடம் இருட்டாகவும் சிறுத்த இடம் வெளிச்சமாகவும் நமக்குப் படுகிறது. இதைப் புள்ளி அச்சு என்று வைத்துக்கொள்வோம். பழைய பத்திரிகையில் வந்த எந்தப் படத்தையும் அருகில் வைத்துப் பார்த்தால் இதைக் காணலாம்.

உண்மை நிழற்பட அட்டையில் புள்ளி இல்லை. நகை செய்யும் பத்தர் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். அதன்வழியே பார்த்தால், இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் படம் இடைவெளியின்றி, மலையில் மூடுபனி கலைவதுபோல மாறிச் செல்லும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்கவேண்டியது அட்டை அல்ல, இந்தக் கண்ணாடிதான். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது, ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பது முதலிய 'சோதனை'களைச் செய்பவரிடம் உங்கள் அட்டையைக் கொடுக்கவே வேண்டாம். ஜெலட்டின் ஈரத்தில் ஊதி உரிந்துவிடும்.

இலங்கையின் பழைய அட்டைகளில் பெரும்பகுதி இயற்கைக் காட்சி அட்டைகள். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் ஏராளமாக வெளியிட்ட இவ்வகை அட்டைகளில் பல, மையால் அச்சானவை. சிலவற்றில் புள்ளிக்குப் பதிலாக, சுருங்கிய தோல்போன்ற நுண்ணிய நெளிவுகள் தெரியும். அது கண்ணாடித் தகட்டிலிருந்து மையால் அடிக்கும் வேறொரு அச்சுமுறை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அவை நிழற்பட அட்டைகள் அல்ல. கூடையும் தலைத்துணியுமாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்த அட்டைகளில் எத்தனையோ தடவை வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பெயர் இல்லாமல். அவர்களுக்காகப் பேசியவர்களின் படத்தைத் தேடும்போதுதான் பெட்டி காலியாக இருக்கிறது.

ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். பத்திரிகையில் புள்ளி அச்சாக வந்த தலைவர் படத்தை மறுபடி கமராவால் படம் பிடித்து, நிழற்படத் தாளில் பதித்து விற்ற ஸ்டூடியோக்கள் உண்டு. அந்த அட்டையைக் கண்ணாடியில் பார்த்தால், வழவழப்பான நிழற்பட மேற்பரப்புக்குக் கீழே மங்கலான புள்ளிகள் தெரியும். தாள் உண்மையான நிழற்படத் தாள்தான், படம் நகல். தலைவர் எங்கோ பேசினார், எங்கோ ஒரு பத்திரிகையில் படம் வந்தது, இங்கே ஒரு ஸ்டூடியோக்காரர் அதை அட்டையாக்கினார். இதைப் போலி என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தலைவரின் முகத்தைச் சுவரில் மாட்ட நினைத்த மக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதற்கு அதுவே ஒரு சான்று. ஆனால் அசலின் விலைக்கு அதை விற்பது ஏமாற்று.

பின்பக்கம் போடும் வேலி

அட்டை பதிந்த காலத்தைக் கண்டுபிடிப்பது வேலி போடுவதைப் போன்றது. 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று ஒரு பக்கம், 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று மறுபக்கம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

முதல் வேலிக்கு அட்டையின் முதுகு உதவும். தொடக்க காலத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே உரியது. செய்தியை எழுதவேண்டுமானால் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் செய்தி, வலது பக்கம் முகவரி என்று பிரிக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1902இலும், பிரான்ஸ் 1904இலும், ஜேர்மனி 1905இலும், அமெரிக்கா 1907 மார்ச்சிலும் அனுமதித்தன. ஆகவே கோடு போட்ட ஆங்கில அட்டை ஒன்றை 1890களுக்கு உரியது என்று ஒருவர் விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

முத்திரை ஒட்டும் கட்டத்தைச் சுற்றித் தாள் தயாரிப்பாளர் தன் அடையாளத்தை அச்சிடுவதுண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட 'அசோ' என்ற தாளில், கட்டத்தின் நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்கள் இருந்தால் 1904 முதல் 1918 வரை என்றும், இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கியிருந்தால் 1918 முதல் 1930 வரை என்றும் சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். ஸ்டூடியோவில் பழைய தாள் மிஞ்சிக் கிடந்து சில ஆண்டு கழித்துப் பயன்பட்டிருக்கக் கூடும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது வேலி, தபாலில் சென்ற அட்டைகளுக்கே உண்டு. முத்திரையில் எந்த மன்னரின் தலை இருக்கிறது என்று பாருங்கள்: ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜோர்ஜ் 1936 வரை, ஆறாம் ஜோர்ஜ் 1952 வரை ஆண்டார்கள். மன்னர் இறந்த பிறகும் பழைய முத்திரை சிறிது காலம் புழங்கும். ஆனால் ஒருவர் அரியணை ஏறுமுன் மன்னராக அவர் தலையோடு முத்திரை வராது. கந்தோரில் குத்திய வட்ட முத்திரையில் திகதி தெளிவாக இருந்தால், அந்த நாளுக்குப் பிறகு அட்டை பதிந்திருக்க வழியே இல்லை.

தபாலில் போகாத அட்டைக்கு வேறு தடயங்கள் தேவை. பழைய நிழற்படங்களின் கருமையான பகுதிகளில், முக்கியமாக ஓரங்களில், சரித்துப் பிடித்துப் பார்த்தால் நீலம் கலந்த உலோகப் பளபளப்புத் தெரியும். காற்றும் ஈரமும் பட்டு வெள்ளி மேற்பரப்புக்கு ஏறி வந்ததால் உண்டாகும் இதை வெள்ளி ஒளிர்வு என்பார்கள். எல்லாப் பழைய அட்டையிலும் இது இராது. இருந்தால் நல்ல சகுனம். பழுப்பு நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். பழுப்புச் சாயல் அந்தக் காலத்திலேயே விரும்பி ஏற்றப்பட்டது. இந்தக் காலத்தில் கணினி ஏற்றித் தரும். தாளை முதுமையாக்கச் சாயத்தண்ணியில் தோய்த்தெடுக்கும் தந்திரத்தை நம் மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றைச் சொல்கிறேன். 'காந்தி பேச்சு, 1927' என்று கீழே மையால் எழுதிய அட்டை ஒன்றைப் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கி, சில மாதம் பெருமையாக வைத்திருந்தேன். புள்ளி இல்லை, முதுகில் கோடு இருந்தது, பழுப்பும் இருந்தது. ஒரு நாள் தெரிந்த கடையில், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் விளையாட்டாக அதை நீட்டினேன். வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டதுபோலத் தாள் பளீரென்று ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் அந்த ஒளிரும் பொருள், நிழற்படத் தாள்களில் 1950களில்தான் புழக்கத்துக்கு வந்தது. என் அட்டை காந்தி மறைந்த பிறகு பதிந்தது. ஒளிராத தாள் எல்லாம் பழையது என்று இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. ஒளிரும் தாள் பழையதல்ல என்பது மட்டுமே முடிவு.

படம் வாய் திறப்பதில்லை

தாளைப் பற்றிய கேள்விகள் முடிந்த பிறகே கடினமான கேள்வி வருகிறது: படத்தில் இருப்பது அந்தப் பேச்சுத்தானா? பேச்சு என்பது ஒலி. படத்தில் இருப்பது உயர்ந்த கையும் திறந்த வாயும் கூடிய கூட்டமும் மட்டுமே. அந்தக் கையை ஒரு குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட சொற்களோடு கட்டுவது, கீழே எழுதப்பட்ட ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் கூட்டத்தில் இருந்தாரா, பிறகு கேள்விப்பட்டாரா, விற்பனைக்காக எழுதினாரா என்பதைப் படம் சொல்லாது.

சில நேரம் பேச்சுக்குப் படமே இல்லை. 1863 நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் கெற்றிஸ்பேர்க்கில் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது; ஆனால் அங்கே அவரை உறுதியாக அடையாளம் காட்டும் படத்தில் அவர் கூட்டத்தின் நடுவே தலை திறந்து இருக்கிறாரே தவிர, பேசிக்கொண்டிருக்கவில்லை. உரை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மருந்து பூசிய கண்ணாடித் தட்டு ஈரம் காயுமுன் படம் எடுக்கவேண்டிய அக்காலத்து ஈரத் தட்டுக் கமராவை ஆயத்தம் செய்யவே நேரம் வேண்டும். இன்னும் சில நேரம் படம் இருக்கும், பேச்சு இருக்காது. கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் விவேகானந்தரை 'சிக்காகோவில் உரையாற்றியபோது' என்று பலர் நம்புகிறார்கள். 1893இல் சிக்காகோவின் ஒரு ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. அரசியல் பேச்சு இல்லையென்றாலும், எல்லோருக்கும் தெரிந்த படம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

திகதி நழுவுவது இதைவிடப் பொதுவானது. 1947 ஓகஸ்ட் 14 நள்ளிரவில் நேரு ஆற்றிய உரை, டில்லியில் அரசியல் நிர்ணய சபை மண்டபத்துக்குள் நிகழ்ந்தது. செங்கோட்டையில் அவர் கொடியேற்றி மக்கள் கடலுக்கு முன் நின்றது ஓகஸ்ட் 16 அன்று, பகலில். செங்கோட்டைப் படத்தின் கீழ் நள்ளிரவு உரையின் பெயர் இருந்தால், வெயிலே அந்த வரியைப் பொய்யாக்கிவிடும். நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4. குளோஸ்டர் கோமகன் டொரிங்டன் சதுக்கத்தில் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தது பெப்ரவரி 10. இரண்டாவதன் படத்துக்கு முதலாவதன் திகதியைப் போட்டுவிடுவது மிக எளிது.

ஒரே நாள், ஒரே இடம் என்றாலும் ஐயம் தீராது. 1908 ஜூன் 21 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் பெண்கள் வாக்குரிமைக் கூட்டம் நடந்தபோது இருபது மேடைகள் போடப்பட்டிருந்தன. வாக்குரிமை இயக்கத்தினர் தம் தலைவியரின் அட்டைகளை விற்று நிதியும் திரட்டினார்கள், முகத்தையும் பரப்பினார்கள். 'ஹைட் பார்க் கூட்டம்' என்று மட்டும் எழுதிய அட்டை, இருபதில் எந்த மேடை என்பதைச் சொல்வதில்லை.

படமே மாற்றப்படுவதும் உண்டு. 1920 மே 5 அன்று மொஸ்கோவில், போலந்துப் போர்முனைக்குச் செல்லும் படையினருக்கு லெனின் மரமேடையில் நின்று உரையாற்றினார். மேடையின் படிகளில் சக தலைவர்களான ட்ரொட்ஸ்கியும் காமனேவும் நின்றார்கள். அவர்கள் ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளான பிறகு வெளியான பிரதிகளில் அந்தப் படிகளில் ஆளே இல்லை. வெட்டப்பட்ட பிரதியும் பழையதுதான். நெகட்டிவ்வும் அந்த நாளுக்கு உரியதே. முதல் இரண்டு திகதிகள் சரியாக இருந்து, மூன்றாவது திகதியில் படம் பொய் சொல்லத் தொடங்கியது.

அப்படியானால் எதை நம்புவது? கீழே எழுதிய வரியைக் கையால் மறைத்துவிட்டு, படத்துக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். காந்தி 1921 செப்டெம்பர் 22 அன்று மதுரையில் மேற்சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் இலங்கை வந்தது 1927 நவம்பரில். எனவே சட்டையும் தொப்பியும் அணிந்த காந்தியைக் காட்டி 'இலங்கையில் காந்தி, 1927' என்று எழுதியிருந்தால், விளக்கும் கண்ணாடியும் தேவையில்லை. மேடையில் ஒலிவாங்கி நின்றால் அதுவும் ஒரு வேலி: அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் ஒலிபெருக்கியில் பேசியதே 1919இல்தான், அதற்கு முந்தியவர்கள் தொண்டையை நம்பினார்கள். கூட்டத்தில் குடைகளின் நிழல் எப்பக்கம் விழுகிறது, கொடியில் என்ன சின்னம், பின்னால் தெரிவது கடலா மலையா என்பவையெல்லாம் சாட்சிகள். அசைந்த கை மங்கியிருந்தால் அதைக் குறை என்று தள்ளாதீர்கள். ஸ்டூடியோவில் அசையாமல் நின்று எடுத்த படத்தில் அந்த மங்கல் வராது.

சுருக்கமாக: முதலில் தாள், பிறகு படம், கடைசியில்தான் கீழே எழுதிய வரி. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகிறார்கள்.

நம் மலைகளில் பேசியவர்கள்

மலையகத்தில் இருந்துகொண்டு சேர்ப்பவர் லண்டனையும் மொஸ்கோவையும் தேடி அலையவேண்டும் என்றில்லை. 1927இல் காந்தி கதர் நிதிக்காக வந்தபோது மலையகப் பட்டினங்களிலும் பேசினார். நேரு 1931இல் ஓய்வுக்காக நுவரெலியாவில் தங்கியிருந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் பல மைல் நடந்து வந்து காட்டுப் பூவும் மரக்கறியும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொடுத்ததை அவரே நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். 1939 ஜூலையில் அவர் மறுபடி வந்தார்; இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்போதுதான் உருவானது. 1950இலும் 1954இலும் பிரதமராக வந்தார். 'இலங்கையில் நேரு' என்று மட்டும் எழுதிய அட்டை இவற்றில் எதற்கு உரியது என்பதை அவர் தலைமுடியும், பக்கத்தில் நிற்பவர்களும்தான் சொல்லவேண்டும்.

1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் நடந்த சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில், இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயவுடன் ஒரே மேடையில், தோட்டத்தில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர் துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார், அவர் தலைமறைவானார், மே 5 அன்று கொழும்பு காலி முகத்திடல் கூட்டத்தில் திடீரென மேடையேறினார், மே மாதத்திலேயே உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. இவருடைய 'நாவலப்பிட்டிப் பேச்சு' என்று ஒரு படம் உங்களிடம் வந்தால், இரண்டு மேடைகளில் எது என்பதே முதற் கேள்வி. காலி முகத்திடலில் மலை தெரியாது.

தோட்டத்துக்குள் நடந்த பேச்சுகளின் படம் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கும் காரணம் உண்டு. அக்காலத்தில் தோட்டம் தனியார் நிலம்; துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே நுழைய முடியாதிருந்தது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனில் இருந்து நடத்திய கோ. நடேசையர், புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைச் சேர்த்தார். வேடமிட்டுப் போகிறவர் முக்காலியும் கண்ணாடித் தட்டும் சுமந்த படக்காரரைக் கூட்டிச் செல்லமாட்டார். லயத்துக்குப் பின்னால் இரவில் நடந்த பேச்சுக்கு வெளிச்சமும் இல்லை. ஆகவே பட்டினத்து மைதானக் கூட்டங்களையே படங்களில் அதிகம் எதிர்பார்க்க முடியும். தோட்டத்துப் பேச்சு என்று எழுதிய பழைய அட்டையைக் கண்டால் இருமடங்கு ஐயப்படுங்கள்; உறுதியானால் இருமடங்கு மகிழுங்கள்.

மூடுபனியும் பூஞ்சணமும்

ஜெலட்டின் பூஞ்சணத்துக்கு விருந்து. நுவரெலியாவின் ஈரக் காற்று அதற்கு அழைப்பிதழ். அட்டைகளை அடுப்படிச் சுவரிலோ, மழை ஒழுகும் கூரைக்குக் கீழோ, தரையோடு ஒட்டிய பெட்டியிலோ வைக்கவேண்டாம். புது மழைக்கோட்டின் வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். அவ்வகைப் பிளாஸ்டிக் காலப்போக்கில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறை, அல்லது அமிலமற்ற கடதாசி உறை நல்லது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். லெமினேற் செய்துவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் அடையாள அட்டையிலிருந்து வந்தது. சூடும் பசையும் பட்ட நிழற்படத்தை மீட்க வழியில்லை.

இன்னொரு பாதுகாப்பு, காசு செலவில்லாதது. அட்டையை முன்னும் பின்னும் படம் பிடித்து, வயதானவர்களிடம் காட்டுங்கள். மேடைக்குப் பின்னால் தெரியும் கூரை எந்த ஆலையுடையது, அந்த மைதானத்தில் இப்போது எந்தப் பஸ் தரிப்பிடம் இருக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொன்னதை, சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்ற விவரத்தோடு தனிக் கடதாசியில் பென்சிலால் எழுதி, உறைக்குள் அட்டையோடு சேர்த்து வையுங்கள். அட்டையின் கீழே மட்டும் நீங்களாக ஒரு வரியும் எழுதிவிடாதீர்கள்.